சுவர் இருந்தால்தான் சித்திரம்

(கைத்தொழில் செய்யும் நம் சகோதரிகளுக்கு ஓர் அனுபவக் கணக்கு)

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும் என்று பெரியோர்கள் சொல்ல நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சித்திரம் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இந்தப் பழமொழி சிறு வயது முதலே தெரியும். ஆயினும் அதன் பொருள் விளங்கியது 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பனி மூடிய ஒரு மாலை வேளையில், தலைநகரில் ஒரு கண்காட்சிக் கொட்டகையின் தரையில் சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளின் நடுவே நான் நின்றபோதுதான்.

சென்ற நவராத்திரியில் நம் சங்கத்துக் கொலுவுக்கு வந்திருந்த சகோதரிகள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அக்கா, எந்தக் கண்காட்சிக்குப் போனால் நன்றாக விற்கும்?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் களிமண் பொம்மை செய்கிறார். ஒருவர் ஒயர்க் கூடை பின்னுகிறார். மற்றொருவர் பட்டு நூலில் வளையலும் தோடும் செய்கிறார். எந்தக் கண்காட்சி என்று எல்லோரும் கேட்டார்களே தவிர, எத்தனை கண்காட்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டையும், பின்னர் கற்றுக்கொண்ட சிறிதளவு விவேகத்தையும் எழுதினால் அவர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பொழுதுபோக்கு பிழைப்பான கதை

நான் தஞ்சாவூர் பாணிப் படங்கள் எழுதுகிறவள். மராட்டிய மன்னர்கள் காலத்தில், முக்கியமாக இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) ஆட்சியில், செழித்து வளர்ந்த கலை இது. பலகையின்மேல் துணியை ஒட்டி, சுக்கான் பொடியும் பசையும் கலந்து பூசி, காய்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் உருவத்தைக் கோடிட வேண்டும். பிறகு கற்களைப் பதித்து, 'மக்கு' என்னும் கலவையால் நகைகளையும் மண்டபத்தையும் புடைப்பாக எழுப்பி, தங்க ரேக்கை ஒட்டி, இறுதியில் வர்ணம் தீட்டுவோம். ஓர் அடிக்கு முக்கால் அடி அளவுள்ள சிறிய படத்துக்கே எனக்கு நான்கு ஐந்து நாட்கள் வேண்டும். இந்தக் கலை 2007–08-இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. தில்லியில் இருந்துகொண்டு எழுதும் நான் என் படங்களின் சீட்டில் 'தஞ்சாவூர் மரபில் எழுதியது' என்றே குறிப்பது வழக்கம். வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது மனத்துக்கு நிம்மதி.

திருமணமாகி வடக்கே வந்த புதிதில் இது எனக்குப் பொழுதுபோக்காகவே இருந்தது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது என் கணவர் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டது. அவருக்கு வேறு வேலை கிடைத்தபோது சம்பளம் முன்பு பெற்றதில் பாதியாயிற்று. அன்று முதல் வீட்டு வாடகை என் தூரிகையிலிருந்து வரவேண்டியதாயிற்று. கை நின்றால் வாடகை நிற்கும் என்னும் நிலையில் உள்ளவர்களுக்கே இந்தக் கட்டுரையின் அவசரம் புரியும்.

ஐந்து மாதம், ஐந்து கண்காட்சி

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் கொலுவுக்கு முன்னதாக ஒரு விற்பனை. அக்டோபரில் தீபாவளிக்காக ஒரு குடியிருப்பில் இரண்டு நாள் விற்பனை. நவம்பரில் 15 நாள் நீடித்த பெரிய கண்காட்சி. டிசம்பரில் வெளியூரில் ஒன்று. ஜனவரியில் மீண்டும் தலைநகரில் ஒன்று. அழைத்த இடத்துக்கெல்லாம் போனேன். மறுத்தால் அடுத்த முறை அழைக்கமாட்டார்களே என்ற பயம் ஒரு பக்கம். பக்கத்துக் கடைக்காரர் போகிறாரே என்ற போட்டி ஒரு பக்கம். பிப்ரவரியில் ஆறாவது கண்காட்சிக்கும் 12,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன்.

பகலெல்லாம் கடையில் நிற்பேன். இரவு வீடு திரும்பி, விற்றுப்போன படங்களுக்கு ஈடாகப் புதிய படங்களுக்கு மக்கு வைப்பேன். டிசம்பரிலேயே வலக்கையின் கட்டைவிரல் அடியில் வலி தொடங்கியது. தைலம் தடவித் துணி சுற்றிக்கொண்டேன். தோசைக் கரண்டியைத் திருப்பும்போது சுரீர் என்று இழுக்கும். 'கண்காட்சி முடியட்டும், பார்த்துக்கொள்வோம்' என்று தள்ளிப்போட்டேன். ஒரு கண்காட்சி முடியுமுன் அடுத்தது வந்து நின்றது.

ஜனவரிக் கண்காட்சியில் என் கடைக்கு அடுத்த கடை பத்தமடைப் பாய் விற்கும் முதிய அம்மையாருடையது. நான் மதியம் சாப்பிடாமல் நிற்பதையும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் அவர் இரண்டு மூன்று நாட்களாகக் கவனித்திருக்கிறார். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அது மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. கடையை யார் பார்ப்பது? இதுவே என் நியாயம். அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கோரை நனைஞ்சிருந்தாத்தான் வளையும் அம்மா. காய்ஞ்சா ஒடிஞ்சிரும். ஆளும் அப்படித்தான். போய்ட்டு வாங்க, கடையை நான் பார்த்துக்கிடுதேன்."

நான் போகவில்லை. அன்று மாலை, வெண்ணெய்க் கிண்ணத்துடன் அமர்ந்த கிருஷ்ணன் படம் ஒன்றை ஒரு வாடிக்கையாளருக்குக் காட்ட எடுத்தேன். தேக்குச் சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து ஏழு கிலோ எடை இருக்கும். கட்டைவிரல் பிடி தரவில்லை. படம் நழுவித் தரையில் விழுந்தது. கண்ணாடி சிதறியதோடு படத்தின் நெஞ்சுப் பகுதியில் இரண்டு அங்குல நீளத்துக்குத் தங்க ரேக்கு கிழிந்துபோயிற்று. இருபது நாள் உழைப்பு அது. வாங்க வந்தவர் வருத்தத்துடன் நகர்ந்துவிட்டார். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியவர் அந்தப் பாய்க்கார அம்மையார்தான்.

மருத்துவர் சொன்னதும் மகள் கணக்கிட்டதும்

மறுநாள் மருத்துவரிடம் போனேன். கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன என்றும், ஓயாமல் ஒரே அசைவைச் செய்ததால் அந்த உறை வீங்கி இறுகிவிட்டது என்றும் அவர் விளக்கினார். "எத்தனை நாளாக வலிக்கிறது, அம்மா?" என்றார். "ஆறு வாரமாக" என்றேன். "ஆறு வாரம் முன்பு வந்திருந்தால் சில நாள் ஓய்வோடு போயிருக்கும். இப்போது ஆறு வாரம் தூரிகையைத் தொடக்கூடாது" என்று சொல்லிக் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டை ஒன்றை மாட்டிவிட்டார். பிப்ரவரிக் கண்காட்சிக்குக் கட்டிய முன்பணம் திரும்பவில்லை. விதிகளிலேயே அப்படி எழுதியிருந்தது; படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு.

கை ஓய்ந்திருந்த அந்த நாட்களில்தான், பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதன்முறையாகக் கணக்கு எழுதச் சொன்னேன். என் கையால் எழுத முடியாதல்லவா? அதுவரை கண்காட்சி முடிந்த இரவில் பெட்டியிலுள்ள ரொக்கத்தையும் கைப்பேசி வழி வந்த தொகையையும் கூட்டிப் பார்த்து மகிழ்வதே என் கணக்காக இருந்தது.

நவம்பர் மாதத்துப் பெரிய கண்காட்சியின் கணக்கு இது: விற்பனை 1,80,000 ரூபாய். பலகை, தங்க ரேக்கு, கற்கள், சட்டம், கண்ணாடி ஆகியவற்றுக்கு 72,000, கடை வாடகை 35,000, வண்டிக்கு 8,000, உதவிக்கு வந்த பெண்ணுக்கு நாளுக்கு 700 வீதம் 15 நாளுக்கு 10,500, உணவுக்கும் தேநீருக்கும் 4,500, பொட்டலம் கட்டும் பொருள்களுக்கு 5,000, உடைந்தவற்றால் நஷ்டம் 6,000. ஆகச் செலவு 1,41,000. மீதி 39,000 ரூபாய்.

"பரவாயில்லையே, 15 நாளில் 39,000!" என்றேன். மகள் விடவில்லை. "15 நாள் எப்படி, அம்மா? அந்தப் படங்களை எழுத 45 நாள் ஆயிற்றே? கடை கட்டவும் பிரிக்கவும் 2 நாள். திரும்பி வந்து 8 நாள் நீ படுக்கையை விட்டு எழவே இல்லை. ஆக 70 நாள்" என்று சொல்லி வகுத்துக் காட்டினாள். நாளுக்கு 557 ரூபாய். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உதவிக்கு வந்த அக்காவுக்கு நாளுக்கு 700 கொடுத்தாய், அம்மா" என்றாள்.

அடுத்து, நான் அற்பமாக நினைத்த அக்டோபர் விற்பனையைக் கணக்கிட்டோம். குடியிருப்பின் பொதுக் கூடத்தில் ஒரு மேசை, இரண்டே நாள். விற்பனை 48,000. பொருள்களுக்கு 18,000; மேசை வாடகை 3,000; ஆட்டோவுக்கு 1,200; உணவுக்கு 400. செலவு 22,600 போக மீதி 25,400. படம் எழுத 14 நாள், ஏற்பாட்டுக்கு 1, விற்பனைக்கு 2, ஓய்வுக்கு 1. ஆக 18 நாள். நாளுக்குச் சுமார் 1,411 ரூபாய்!

நியாயத்துக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். பெரிய கண்காட்சியில் என் முகவரிச் சீட்டை வாங்கிப் போனவர்களில் மூவர் பின்னர் படம் கேட்டு எழுதினார்கள். சிறிய விற்பனையில் அப்படி ஒருவரும் இல்லை. ஆகவே பெரியது வீண், சிறியதே நலம் என்று நான் சொல்லவரவில்லை. கணக்குப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாக எண்ணியதே என் பிழை.

கண்காட்சிகளின் குணமும் பருவமும்

கைத்தொழிலாளருக்கு இந்நாட்டில் இத்தனை சந்தைகள் திறந்திருப்பது ஒரு பெரும் பாக்கியம். இதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. 1952-இல் அகில இந்தியக் கைவினை வாரியம் ஏற்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தியவர் கமலாதேவி சட்டோபாத்யாயர். 1964-இல் இந்தியக் கைவினைக் குழு தோன்றவும் அவரே காரணர். 1981-இல் தொடங்கிய 'தஸ்த்கார்' அமைப்பு, இடைத்தரகரின்றிக் கைவினைஞரே பொருளை விற்கும் சந்தைகளைப் பல நகரங்களில் நடத்தி வருகிறது.

தலைநகர்ப் பகுதியில் உள்ளவர்களுக்கு மூன்று இடங்கள் முக்கியமானவை. 1987 முதல் பிப்ரவரியில் ஃபரீதாபாதை அடுத்த சூரஜ்குண்டில் நடக்கும் மேளா ஒன்று. பிரகதி மைதானத்தில் நவம்பர் 14 அன்று தொடங்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி மற்றொன்று. அது 1980-இல் ஆரம்பித்தது. 1994-இல் திறந்த தில்லி ஹாட் மூன்றாவது. கைவினைஞர்கள் குறித்த நாட்களுக்கு முறை வைத்து அங்கே கடை போடுகிறார்கள். பம்பாயில் குளிர்காலக் கடைசியில் காலா கோடா கலைவிழா, பெங்களூரில் ஜனவரியில் ஒரே ஒரு நாள் நடக்கும் சித்திரச் சந்தை, வங்காளத்தில் டிசம்பரில் சாந்திநிகேதனத்துப் பௌஷ மேளா என்று நாடெங்கும் உள்ள நம்மவர்களுக்கும் குறைவில்லை.

ஆனால் இவற்றின் காலத்தைக் கவனியுங்கள். வட இந்தியாவின் முக்கியமான சந்தைகள் அநேகமாக அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. அதே மாதங்களில்தான் தில்லியில் காற்று மிகவும் கெடுகிறது. நவம்பரில் புகைமூட்டம், ஜனவரியில் உறையும் பனி. திறந்த வெளியில் நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்பவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் நவம்பரில் திறந்தவெளிச் சந்தையை ஏற்கலாமா என்பது வியாபாரக் கேள்வி மட்டும் அன்று. நமக்கோ நவராத்திரி, தீபாவளி, பொங்கல் மூன்றும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. வீட்டுப் பொறுப்பும் அப்போதே கூடுகிறது.

இடம் கேட்குமுன் கேட்க வேண்டியவை

இப்போது ஓர் அழைப்பு வந்தால் நான் உடனே பதில் எழுதுவதில்லை. முடிந்தால் முந்திய ஆண்டே அந்தச் சந்தைக்கு வாங்குபவளாகப் போய்வருகிறேன். வாயிலருகே ஒரு மணி நேரம் நின்று, வெளியே வருபவர்களின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் தின்பண்டப் பொட்டலத்தோடு வந்தால், எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் அது படத்துக்கு உகந்த சந்தை அன்று. அதே கூட்டம் ஊறுகாய்க்கும் வளையலுக்கும் மிக நல்ல கூட்டமாக இருக்கலாம்.

பின்பு நடத்துகிறவர்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். கூரை உண்டா? விளக்கு உண்டா? இரவில் காவல் யார் பொறுப்பு? வண்டி நிற்கும் இடத்திலிருந்து கடைக்கு எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும்? கழிப்பறையும் குடிநீரும் எங்கே? நிலையான வாடகையா, விற்பனையில் பங்கா? உடல்நலக் குறைவால் வரமுடியாமற்போனால் முன்பணம் திரும்புமா? என்னைப்போல் எத்தனை பேருக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு மட்டும், நடத்துகிறவரைவிட முன்பு கடை போட்ட ஒருவரே சரியான விடை தருவார்.

அரசுத் துறையின் சார்பில் நடக்கும் பல சந்தைகளில் இடம் கேட்பவர், கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் வழங்கும் 'பெஹ்சான்' அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கும். இன்னும் பெறாதவர்கள் சந்தைக் காலத்துக்கு முன்பே அதற்கு விண்ணப்பிப்பது நல்லது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி விசுவகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இடம்பெற்றுள்ளன. பொம்மை செய்பவர், கூடையும் பாயும் முடைபவர், மாலை கட்டுபவர், தையற்காரர் ஆகியோர் அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், பின்னர் இரண்டு லட்சம் வரையிலும் 5 சதவிகித வட்டியில் கடன் தரும் திட்டம் அது. என்னைப் போன்ற ஓவியருக்கு அதில் இடமில்லை. பொம்மை செய்யும் சகோதரி விசாரித்துப் பார்க்கட்டும்.

உடம்பு என்னும் முதல்

வியாபாரத்தில் முதலைச் செலவழித்துவிட்டு லாபம் என்று சொல்பவனை உலகம் சிரிக்கும். கைத்தொழிலாளிக்குக் கையும் கண்ணும் முதுகுமே முதல். பட்டறிந்தபின் நான் வைத்துக்கொண்ட நியதிகள் கடினமானவை அல்ல.

எழுதும்போது நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை மணி ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். ஒலித்ததும் எழுந்து தோளையும் மணிக்கட்டையும் தளர்த்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்தே அமர்வேன். ரேக்கு ஒட்டுவதையும் கல் பதிப்பதையும் பகல் வெளிச்சத்தில் முடித்துக்கொள்கிறேன். இரவு விளக்கில் நுண்வேலை இல்லை. சுக்கான் பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூசி மூக்கில் ஏறாதபடி முகக்கவசம் அணிகிறேன். தரையில் குனிந்து எழுதிய பழக்கத்தை விட்டுச் சாய்வு மேசைக்கு மாறினேன். தேக்குச் சட்டத்துடன் பெரிய படங்களைச் சந்தைக்குச் சுமந்து செல்வதையும் குறைத்துவிட்டேன். அங்கே சிறிய படங்களே போகும். பெரியவற்றின் புகைப்படத்தைக் காட்டி, ஊர் திரும்பியபின் ஏற்பாட்டின்பேரில் எழுதித் தருகிறேன்.

கடையில் தரையின்மேல் தடித்த சணல் விரிப்பு ஒன்று போட்டுக்கொள்வேன். கால் வீக்கம் பெரிதும் குறைந்தது. உயரமான முக்காலி ஒன்று உண்டு. தண்ணீரைக் குறைக்கும் பைத்தியக்காரத்தனம் போயிற்று. பெண்கள் பலர் சந்தை நாட்களில் இப்படித் தாகத்தை அடக்கி, சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்பதைக் கூச்சம் பாராமல் சொல்லவே வேண்டும். அடுத்த கடைக்காரரோடு முதல் நாளே பேசி, 'நீங்கள் போகும்போது நான் பார்க்கிறேன், நான் போகும்போது நீங்கள் பாருங்கள்' என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறேன். உணவும் வீட்டிலிருந்தே கொண்டுபோகும் தயிர் சாதந்தான்.

ஆண்டுக்கு ஒரு நெடிய கண்காட்சி, மூன்று குறுகிய விற்பனைகள். எந்த இரண்டுக்கும் இடையே குறைந்தது மூன்று வாரம். இதுவே என் வரம்பு. நாட்காட்டியில் சந்தை நாட்களைக் குறிக்கும்போதே, அதை அடுத்த ஓய்வு நாட்களையும் அதே மையில் குறித்துவிடுகிறேன். பென்சிலால் குறித்தால் அழித்துவிடுவேன் என்பது எனக்குத் தெரியும்.

மறுத்த கதை

விதி வகுப்பது எளிது. அதன்படி நிற்பதே சோதனை. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் கொலு விற்பனை முடிந்தபோது மணிக்கட்டில் அந்தப் பழைய இழுப்பு லேசாகத் தலைகாட்டியது. அதே வாரத்தில் வெளியூரிலிருந்து பத்து நாள் கண்காட்சி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. வாடகை கிடையாது, விற்பனையில் பங்கு மட்டும். நல்ல ரசிகர்கள் வரும் இடம். அங்கே இடம் கேட்டு நான் மூன்று ஆண்டு காத்திருந்தேன். மகளோ கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கட்டணத் தவணை டிசம்பரில்.

என் கணவர் வெகுநேரம் யோசித்தார். "இப்படி ஓர் இடம் மறுபடி கிடைக்குமா என்று தெரியவில்லை" என்றார். பின்பு, "ஆனால் கை உன்னுடையது. வலிப்பது எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். நீ எப்படிச் சொன்னாலும் சரி" என்றார். இரண்டு இரவு தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் மறுத்து எழுதிவிட்டேன்.

அதன் பலன் என்ன என்று கேட்பீர்கள். தவணைக்காக வங்கியிலிருந்த சேமிப்பில் கைவைக்க நேர்ந்தது. அந்தக் கண்காட்சியிலிருந்து இன்றுவரை மறு அழைப்பு வரவில்லை. என் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. இவை நஷ்டம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். மறுபக்கத்தில், மூன்று வார ஓய்வில் கை தெளிந்தது. முன்பே ஒப்புக்கொண்டிருந்த இரண்டு பெரிய படங்களைப் பொங்கலுக்குமுன் குறித்த நாளில் முடித்துக் கொடுத்தேன். அவற்றின் தொகை சேமிப்பில் எடுத்ததைப் பெரும்பாலும் நிரப்பியது. முழுவதும் நிரப்பவில்லை. ஆயினும் 2023-இல் ஆறு வாரம் கை கட்டிக்கிடந்தபோது இழந்ததோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே.

ஓர் விண்ணப்பம்

சொந்த ஊரில் தொழில் செய்பவருக்குத் தாயோ தமக்கையோ அத்தையோ கடைக்கு ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்து கைகொடுப்பார்கள். அயலூரில் வாழும் நமக்கு அந்த வசதி இல்லை. அந்தக் குறையை நாமே ஒருவருக்கொருவர் தீர்த்துக்கொள்ளக் கூடாதா? கைத்தொழில் செய்யும் சகோதரிகள் நால்வர் சேர்ந்து ஒரே கடையை எடுத்தால் வாடகை நாலில் ஒன்றாகும். முறை வைத்துக் கடையில் இருந்தால் மற்றவர்கள் ஓய்வெடுக்கலாம். ஒயர்க் கூடையும் களிமண் பொம்மையும் பட்டு நூல் வளையலும் படமும் ஒன்றுக்கொன்று போட்டியும் அல்ல. நவராத்திரிக்குப் பத்து நாள் முன்னதாக நம் சங்கத்து மண்டபத்திலேயே இரண்டு நாள் விற்பனை நடத்தலாமா என்று நிர்வாகிகள் ஆலோசித்தால் நலம். கொலுவுக்குப் பொம்மை தேடி அலையும் குடும்பங்களுக்கும் அது உபகாரமாக இருக்கும்.

அன்று உடைந்த கிருஷ்ணன் படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ரேக்கின் கிழிசலைச் சரிசெய்ய எனக்குத் தெரியும்; வேண்டுமென்றே செய்யவில்லை. புதிய அழைப்பு ஏதேனும் வந்தால் முதலில் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். பிறகு மகள் எழுதிய கணக்கு நோட்டைப் பார்க்கிறேன். அதன் பிறகே பதில் எழுதுகிறேன்.

பாய்க்கார அம்மையாரைச் சென்ற பிப்ரவரியில் மறுபடி ஒரு சந்தையில் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு அவர் முதலில் கேட்டது வியாபாரத்தைப் பற்றி அன்று. "தண்ணி குடிச்சீங்களா அம்மா?" என்றார். குடித்தேன் என்று சொல்ல முடிந்தது. எங்கே நம் பொருள்களை விரித்தாலும், சகோதரிகளே, இந்த ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லும் நிலையில் இருப்போமாக.